குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அறை

கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையை அள்ளிக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிவரும் குடும்பங்களில், பெரும்பாலும் மருத்துவர் பேசுவதற்கு முன்பே ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கும். “பிள்ளையைப் பார்த்துக்கொள்வதைவிட உனக்கு வேறு என்ன வேலை?” என்று வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தாயைக் கேட்டிருப்பார். யாரும் கேட்காவிட்டாலும் அவரே தம்மைக் கேட்டுக்கொண்டிருப்பார். குழந்தை நல மருத்துவர் என்ற முறையில் நான் அறிய விரும்புபவை வேறு. கட்டில் எவ்வளவு உயரம்? அறையில் எந்த இடத்தில் போடப்பட்டிருந்தது? விழுந்த இடத்தில் என்ன இருந்தது? காயத்தின் தன்மையை மதிப்பிட இவ்விவரங்கள் உதவுகின்றன. அதைவிட முக்கியமாக, அக்குழந்தை மறுபடியும் விழாமல் இருப்பதற்கான வழியும் இந்த விடைகளில்தான் இருக்கிறது. ‘தாய் கவனிக்கவில்லை’ என்ற விடையில் அத்தகைய வழி எதுவும் இல்லை.

சிறு குழந்தை வாழும் அறையில் கட்டிலும் பீரோவும் மேசையும் எங்கெங்கே இருக்கின்றன என்பதை வீட்டலங்காரம் தொடர்பான செய்தியாகவே நாம் கருதிவருகிறோம். அது தடுப்பூசியைப் போன்ற ஒரு நோய்த்தடுப்புச் செயல் என்பது என் கருத்து. குழந்தையின் மீது பெரியவர்களின் கண் இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்காணிப்பை மட்டுமே நம்பியிருக்கும் வீடு பாதுகாப்பான வீடன்று. தாய் சமைக்க வேண்டும். மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். வாசலில் எரிவாயு உருளைக்காரர் அழைத்தால் போக வேண்டும். இரவில் உறங்கவும் வேண்டும். நோயுற்ற குழந்தை உள்ள வீட்டில் மருந்து நேரங்களும் மருத்துவமனைப் பயணங்களும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. ஒருவருடைய கவனம் இத்தனை திசைகளில் சிதறும்போது, சில நொடிகள் கண் விலகுவது இயல்பு. அந்தச் சில நொடிகளில் குழந்தைக்கு என்ன நேரும் என்பதைத் தீர்மானிப்பது அறையின் அமைப்பே.

கட்டிலிலிருந்து விழும் குழந்தைகளுள் பெரும்பாலோருக்குப் பெருங்காயம் ஏற்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும், விழுந்த பின் மீண்டும் மீண்டும் வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், மயக்கம், வலிப்பு ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் உடனே கொண்டுவர வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தை 3 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தால், வெளியில் காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. உயரமான கட்டிலின் மீது தடித்த மெத்தையும், அதன் மேல் தலையணைகளும் அடுக்கினால் அந்த 3 அடியை எளிதில் எட்டிவிடலாம் என்பதை நினைவிற்கொள்க.

நியூயார்க் கற்றுத்தந்த பாடம்

அறிவுரையைவிட அமைப்பு வலிமையானது என்பதற்கு நியூயார்க் நகரத்தில் நல்ல சான்று உண்டு. அந்நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சன்னல்கள் வழியாகக் குழந்தைகள் விழுந்து இறப்பது 1960களில் பெரும் துயரமாக இருந்தது. நகரச் சுகாதாரத் துறை 1972இல் ‘குழந்தைகளால் பறக்க முடியாது’ என்ற பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. குழந்தை விழுந்ததாகத் தெரிந்தால் செவிலியர்கள் அவ்வீட்டுக்கே சென்று பெற்றோரிடம் பேசினர். அத்தோடு நிற்காமல், ஆபத்து மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்களுக்குச் சன்னல் தடுப்புக் கம்பிகளை இலவசமாக வழங்கினர். 1973 முதல் 1975 வரையிலான காலத்தில் பிராங்க்ஸ் பகுதியில் பதிவான விழுதல்கள் பாதியாகக் குறைந்தன. 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் வாழும் அடுக்குமாடி வீடுகளின் சன்னல்களுக்குத் தடுப்புப் பொருத்துவது கட்டட உரிமையாளரின் கடமை என்று 1976இல் விதி இயற்றப்பட்டது. அந்த மூன்றாண்டுகளில் பிராங்க்ஸின் தாய்மார்கள் திடீரென்று இருமடங்கு கவனமுள்ளவர்களாக மாறிவிடவில்லை. அவர்களுடைய சன்னல்கள் மாறின.

நம் வீடுகளில் சன்னலுக்குக் கம்பி இருப்பது பழைய வழக்கம். திருடர்களுக்கு அஞ்சி வைத்த கம்பி குழந்தைகளையும் காத்துவந்திருக்கிறது. ஆனால் புதிய அடுக்ககங்களில் நகரும் கண்ணாடிச் சன்னல்களும், கம்பியற்ற பால்கனிகளும் பெருகிவருகின்றன. கம்பி இருந்தாலும் அது படுக்கை வாட்டில் அமைந்திருந்தால் குழந்தைக்கு ஏணியாகிவிடும். எனவே மூன்று விதிகளைப் பின்பற்றலாம். குழந்தை நுழையக்கூடிய எந்தத் திறப்பும் 10 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கம்பிகள் செங்குத்தாக இருப்பது நல்லது. சன்னலுக்குக் கீழும் பால்கனிச் சுவரின் ஓரத்திலும் கட்டில், மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. காற்று நன்றாக வரும் என்று கட்டிலைச் சன்னலோடு ஒட்டிப் போடுவது நம்மிடையே மிகப் பரவலான பழக்கம். தவழும் வயதுக் குழந்தை உள்ள வீட்டில் முதலில் இடம் மாற வேண்டியது அந்தக் கட்டில்தான். கொசுவலையை நம்ப வேண்டாம்; அது கொசுவைத் தடுக்கும், குழந்தையின் எடையைத் தாங்காது.

ஏறுவது குழந்தையின் இயல்பு

இழுப்பறைகளைக் குழந்தை படிக்கட்டாகவே பார்க்கிறது. கீழறையை இழுத்து அதன் மேல் கால் வைத்து அடுத்த அறையைப் பிடிக்கும். இரண்டு மூன்று அறைகள் ஒரே நேரத்தில் வெளியே நீண்டு, அவற்றின் மீது குழந்தையின் எடையும் சேரும்போது அலமாரியின் எடைமையம் முன்பக்கம் நகர்ந்து அது கவிழ்கிறது. இதனால் குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, 2016இல் அமெரிக்காவில் ஐக்கியா நிறுவனம் சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரோடு பிணைக்கும் உபகரணத்தை இலவசமாகத் தரவும் முன்வந்தது. 2022இல் அந்நாட்டில் இதற்கென்றே ஒரு சட்டம் நிறைவேறியது. ஆறு வயதுக்குட்பட்ட, 27 கிலோ வரை எடையுள்ள குழந்தை ஏறினாலும் இழுத்தாலும் கவிழாத அளவுக்கு அலமாரிகள் உறுதியாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

நம் வீட்டு இரும்பு பீரோவையும், பிளாஸ்டிக் இழுப்பறை அடுக்கையும், குறுகிய மேசை மேல் நிற்கும் தொலைக்காட்சியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். உயரமான எந்த மரச்சாமானையும் எல் வடிவ இரும்புத் துண்டும் திருகாணியும் கொண்டு சுவரோடு பிணைத்துவிடலாம். தச்சருக்கு அரை மணி நேர வேலை. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் இசையாவிட்டால், கனமான பொருள்களைக் கீழ்த்தட்டுகளிலும் இலேசானவற்றை மேல்தட்டுகளிலும் வையுங்கள். பீரோவின் கால்கள் சமமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டையை வைத்துச் சமாளித்திருந்தால், குழந்தை நடமாடும் அறையில் அந்த பீரோ இருக்கக் கூடாது. பொம்மை, பிஸ்கட் பொட்டலம், தொலையியக்கி ஆகியவற்றை அலமாரியின் உச்சியில் வைக்காதீர்கள். குழந்தை விரும்பும் பொருள் மேலே இருந்தால், ஏறுவதற்கு நாமே அழைப்பு விடுத்ததாகிறது.

அடுத்த மாதக் குழந்தைக்காக

பெற்றோர் பலர் அறையை இன்றைய குழந்தைக்குப் பொருந்துமாறு அமைத்திருக்கிறார்கள். குழந்தையோ ஒவ்வொரு மாதமும் புதிய திறனொன்றைப் பெறுகிறது. அதை முன்னறிவிப்பின்றிப் பெறுகிறது. “நேற்று வரை குப்புற விழவே இல்லை, டாக்டர்” என்று சொல்லும் தாய் உண்மையையே சொல்கிறார். ஆகவே அறையை எப்போதும் அடுத்த மாதக் குழந்தைக்காக ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது என் பரிந்துரை.

நான்கைந்து மாதங்களில் குழந்தை குப்புற விழும். எனவே மூன்றாம் மாதத்திலேயே கட்டிலில் தனியாகக் கிடத்துவதை நிறுத்திவிட வேண்டும். இரு பக்கமும் தலையணை வைத்தால் போதும் என்ற நம்பிக்கை தவறானது. தலையணை புரள்வதைத் தடுக்காது, முகத்தை மூடி மூச்சை அடைக்கக் கூடும். ஆறு முதல் எட்டு மாதங்களில் உட்காரும். உட்காரத் தொடங்குவதற்குள், கம்பித் தொட்டில் இருந்தால் அதன் மெத்தைத் தளத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். அதன் கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. எட்டு, ஒன்பது மாதங்களில் தவழும். அதன்பின் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குமுன் மேசை விரிப்பை எடுத்துவிடுங்கள். தொங்கும் விரிப்பைப் பிடித்து எழ முயலும்போது, மேலிருக்கும் சூடான காப்பியோ கஞ்சியோ குழந்தையின் மீது கவிழ்கிறது. ஓராண்டு நிறைந்த குழந்தையின் உயரம் சுமார் 75 செ.மீ.; கையைத் தூக்கினால் இன்னும் உயரத்துக்கு எட்டும். நான்கு வயதில் அந்த உயரம் ஏறத்தாழ 1 மீட்டர். நாற்காலியை நகர்த்தத் தெரிந்த குழந்தைக்கு இந்த அளவுகளும் பொருந்தா.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர், இந்த மாதக்கணக்கைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது பொருத்தமாக இருக்கும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் தரையில் அமர்ந்து, தவழ்ந்தபடியே அந்த அறையை ஒருமுறை சுற்றிவர வேண்டும். நின்றபடி பார்க்கும்போது புலப்படாதவை அங்கே தெரியும்: கட்டிலுக்கு அடியிலுள்ள பழைய மருந்துப் புட்டி, தாழ்வான மின்செருகியில் பொருத்திய கொசுவிரட்டித் திரவம், சுவரோரம் நீளும் மின்கம்பி, பொம்மையிலிருந்து கழன்ற பொத்தான் வடிவ மின்கலம், கதவின் கீல் இடுக்கு. இவற்றுள் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். துணிகளுக்கு இடையே போடும் அந்துருண்டையும், பூசைத் தட்டிலுள்ள கற்பூரமும் குழந்தையின் கண்ணுக்கு மிட்டாயாகத் தெரிகின்றன. ஒருவகைப் பிறவி நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டை இரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும். கற்பூரம் சிறிதளவு உட்சென்றாலே சில நிமிடங்களில் வலிப்பை உண்டாக்கலாம். பூசை அலமாரி அதே அறையில் இருப்பதில் தவறில்லை. அது குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், மூடிய கதவுக்குள் இருக்கட்டும். அறையோடு இணைந்த குளியலறை இருந்தால் வாளியில் நீர் தேங்கவிடாதீர்கள். கதவின் வெளிப்புறத்தில் உயரமாக ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். தலைகுப்புற விழுந்த தவழும் குழந்தைக்குச் சில அங்குல நீரே ஆபத்தானது.

வெற்றிடமும் தாழ்வான தட்டும்

இதுவரை சொன்னவற்றைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் எடுத்து ஒளித்து, குழந்தையை ஒரு தடுப்புக்குள் அடைத்துவிடுவதே பாதுகாப்பு என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அதுவும் ஒருவகைத் தீங்கே. குழந்தை தொட்டும், இழுத்தும், விழுந்து எழுந்தும்தான் வளர்கிறது. நாளெல்லாம் ‘தொடாதே, போகாதே’ என்று கேட்டு வளரும் குழந்தை, உண்மையான ஆபத்தின்போது சொல்லப்படும் ‘வேண்டாம்’ என்ற சொல்லையும் பொருட்படுத்தாது. அறை சரியாக அமைந்துவிட்டால் தடைச்சொற்கள் குறைந்துவிடுகின்றன. அமைப்பை நான் வலியுறுத்துவதற்குக் காவலைவிடப் பெரிய காரணம் இந்த விடுதலைதான்.

இதை நூறாண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டியவரும் ஒரு மருத்துவரே. இத்தாலியில் மருத்துவம் பயின்ற மரியா மாண்டிசோரி, 1907 ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழை மக்களின் குடியிருப்பில் ‘குழந்தைகளின் இல்லம்’ ஒன்றைத் திறந்தார். குழந்தைகள் தாமே தூக்கி நகர்த்தக்கூடிய இலேசான சிறு மேசை நாற்காலிகளையும், அவர்களுடைய கைக்கு எட்டும் தாழ்வான அலமாரிகளையும் தம் முறையின் அடிப்படையாக்கினார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இன்று அவர் பெயரால் விலையுயர்ந்த மரச்சாமான்கள் விற்கப்படுகின்றன. அவருடைய கருத்துக்கு அந்த விலை தேவையில்லை. நம் வீட்டுப் பாயும், மணைப்பலகையும், கீழ்த்தட்டு ஒன்றும் போதும்.

குழந்தையின் அறையில் மிக மதிப்புள்ள பொருள் வெற்றுத் தரையே. புதிதாக எதை வாங்குவது என்று என்னிடம் கேட்கும் பெற்றோரிடம், எதை வெளியேற்றலாம் என்று முதலில் பாருங்கள் என்கிறேன். ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தடையற்ற தரை. அதன் ஓரத்தில் குழந்தையின் கைக்கு எட்டும் ஒரே ஒரு தட்டு. அதில் நான்கைந்து விளையாட்டுப் பொருள்கள். மற்றவற்றை எடுத்து வைத்துவிட்டு வாரம் ஒருமுறை மாற்றி வைத்தால் பழைய பொம்மையும் புதிதாகும். பகல் வெளிச்சம் விழும் இடம் விளையாட்டுக்கு. வெளிச்சம் குறைந்த இடம் உறக்கத்துக்கு. பொருளைத் தானே எடுத்துத் தானே திரும்ப வைக்கும் பழக்கம் இந்த அமைப்பிலிருந்தே வரும்.

தரையை அடைத்துக்கொள்ளும் பொருள்களுள் ஒன்று, குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருளவிடும் சக்கர நடைவண்டி. அது நடையை விரைவாகக் கற்றுத்தருவதில்லை. ஆபத்தான இடங்களுக்கு விரைவாகக் கொண்டுசேர்க்கிறது. கனடா 2004இல் இதன் விற்பனையையே தடை செய்தது. நம் பழைய மூன்று சக்கர மர நடைவண்டி வேறு வகை. அங்கே குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கி, வண்டியைத் தள்ளுகிறது. பெரியவர் உடனிருந்தால் அதில் எனக்கு மறுப்பில்லை.

தூளியைப் பற்றியும் கேட்கிறார்கள். சேலைத் தூளியில் உறங்கிய தலைமுறைகள் நாம். அதன் அருமையை நான் மறுக்கவில்லை. பெரியவர் விழித்து அருகில் இருக்கும்போது அழும் குழந்தையை அமர்த்த அது நல்ல துணை. ஆனால் இரவு முழுவதும் உறங்குவதற்கு அது ஏற்ற இடமன்று. வளைந்த துணியில் குழந்தையின் முகவாய் மார்பில் படிந்து மூச்சு நெருக்கப்படலாம். தரையிலிருந்து தாழ்வாகக் கட்டுங்கள். கீழே பாய் விரித்து வையுங்கள். அருகில் கட்டில் விளிம்போ சுவர் முனையோ இல்லாதபடி பாருங்கள். குழந்தை தானாக எழுந்து உட்காரத் தொடங்கியதும் தூளியை நிறுத்திவிடுங்கள். பயன்படுத்தாத நேரத்தில் அவிழ்த்து வைத்துவிட வேண்டும். தொங்கும் சேலையில் மூத்த குழந்தைகள் ஊஞ்சலாடிச் சுற்றும்போது கழுத்து இறுகி உயிரே போயிருக்கிறது.

தனியறை இல்லாத வீடு

“எங்கள் வீடே ஓர் அறைதான், குழந்தைக்கென்று தனியறைக்கு எங்கே போவது?” என்ற கேள்வி நியாயமானது. சிறு குழந்தைக்குத் தனியறை மருத்துவ நோக்கில் தேவையே இல்லை. முதல் ஆறு மாதங்களாவது தாயும் குழந்தையும் ஒரே அறையில், ஆனால் குழந்தை தனிப் படுக்கையில் உறங்குவதே பாதுகாப்பானது. தாயின் பாயை ஒட்டி, கை எட்டும் தூரத்தில், குழந்தைக்கென்று உறுதியான சிறு விரிப்பொன்றைப் போட்டு மல்லாந்து உறங்கவையுங்கள். தலையணையும் கனத்த போர்வையும் வேண்டாம். மெத்தென்ற பஞ்சு மெத்தையைவிட இந்தத் தரைப்படுக்கை மேலானது. ஓரறை வீட்டில் தேவைப்படுவது ஒரு மூலைதான். இரு சுவர்கள் சேரும் இடத்தில், சமையல் பகுதியிலிருந்து விலகி, ஆனால் சமைப்பவரின் பார்வைக்குள், ஒரு பாயளவு இடத்தைக் குழந்தைக்கென்று ஒதுக்குங்கள். அடுப்புக்கும் அந்த மூலைக்கும் இடையே தாழ்வான தடுப்பு ஒன்று போதும். பணமுள்ள வீட்டின் பொருள் நிறைந்த அறையைவிட இந்த மூலை பாதுகாப்பாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும் குழந்தைகள்

இவ்விதழைப் படிப்பவர்களுள் பலர், நோயிலிருந்து தேறிவரும் அல்லது நீண்டகால நோயுடன் வாழும் குழந்தைகளின் பெற்றோர். அவர்களுக்கு அறையின் அமைப்பு சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

மூச்சிரைப்பு உள்ள குழந்தையின் படுக்கை ஈரம் ஊறிய சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும். தரைக் கம்பளம், கனத்த திரைச்சீலை, குவித்து வைத்த பஞ்சுப் பொம்மைகள் ஆகியவை தூசுப் பூச்சிகளின் உறைவிடம், அவற்றை அகற்றுங்கள். படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. கொசுவத்திச் சுருளும் ஊதுவத்தியும் அந்த அறைக்குள் வேண்டாம்.

வலிப்பு நோயுள்ள குழந்தைக்குத் தாழ்வான படுக்கை வேண்டும். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு அறவே கூடாது. மற்றக் குழந்தைகளுக்கும் ஆறு வயதுக்கு முன் அது வேண்டாம். படுக்கையைச் சுற்றிக் கூர்முனை கொண்ட மேசை இருக்கக் கூடாது. அறைக்கதவிலும் குளியலறைக் கதவிலும் உட்பக்கத் தாழ்ப்பாளை நீக்கிவிடுங்கள்.

மூளைவாதத்தால் உடலியக்கம் குறைந்த குழந்தைகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இக்குழந்தைகளின் கட்டிலைப் பின்கட்டு அறையில் போட்டுவிடும் வழக்கம் உண்டு. அதற்குப் பின்னால் அன்பும் இருக்கிறது, அயலாரின் பேச்சுக்கு அஞ்சும் மனமும் இருக்கிறது. அக்குழந்தையின் இடம் கூடத்தில் இருக்க வேண்டும். வாசலில் யார் வருகிறார்கள், அக்கா என்ன படிக்கிறாள், அப்பா எப்போது திரும்பினார் என்பவற்றையெல்லாம் பார்த்தும் கேட்டுமே அதன் மூளை வளர்கிறது. பாதங்கள் தரையிலோ பலகையிலோ பதிய, முதுகுக்குத் தாங்கலுடன், இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் அமையும்படி ஓர் இருக்கையை எங்கள் இயன்முறை மருத்துவர்களின் ஆலோசனையுடன் உள்ளூர்த் தச்சரைக் கொண்டே செய்துவிடலாம். அந்த இருக்கையைக் குடும்பம் கூடிச் சாப்பிடும் இடத்தில் போடுங்கள்.

செய்ய வேண்டியவர்கள் யார்?

பீரோவை நகர்த்துவதும், சுவரில் திருகாணி முடுக்குவதும், கட்டிலின் காலைக் கழற்றுவதும் ஒரு தாய் தனியாகச் செய்யக்கூடிய வேலைகள் அல்ல. தாயைக் குறை கூறுவதற்குச் செலவாகும் நேரத்தில் அப்பாவோ, தாத்தாவோ, மாமாவோ இவற்றைச் செய்து முடித்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். கட்டிலைச் சன்னலிலிருந்து விலக்குங்கள். உயரமான பொருள்களைச் சுவரோடு பிணையுங்கள். ஒரு பாயளவு தரையை வெறுமையாக்குங்கள். இம்மூன்றும் முடிந்தால் பெரும்பகுதி முடிந்தது.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் இதில் கடமை உண்டு. வீடு திரும்பும் நாளில் தரப்படும் சீட்டில் மருந்தின் பெயரும், அளவும், அடுத்து வரவேண்டிய நாளும் எழுதப்படுகின்றன. குழந்தை எங்கே படுக்கும், எங்கே விளையாடும் என்ற இரண்டு வரிகளும் அதில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. அந்த உரையாடல் ஐந்து நிமிடங்களுக்கு மேல் எடுக்காது.

அதற்கு நீங்களும் உதவலாம். அடுத்த முறை தடுப்பூசிக்கோ மறுபரிசோதனைக்கோ வரும்போது, குழந்தை இருக்கும் அறையை நான்கு மூலைகளிலிருந்தும் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். தரையில் அமர்ந்தபடி, குழந்தையின் கண் உயரத்திலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது. மருந்துச் சீட்டைப் பார்த்து முடித்ததும் அந்தப் படங்களையும் சேர்ந்தே பார்ப்போம்.